‘வேண்டும்’: ஒரு தீர்ப்பின் இலக்கணம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1999ஆம் ஆண்டு ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்ட தடையாணைத் தாளின் பின்பக்கத்தில், போலீசாருக்கான அறிவிப்பு ஒன்று முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. நியாயமான எல்லா வழிகளையும் பயன்படுத்தி இந்த ஆணையை அமல்படுத்த வேண்டும். மீறியவரைக் கைது செய்ய வேண்டும், உடனே முடியாத நிலை என்றால் கைது வாரண்ட் கேட்டு நீதிமன்றத்தை நாட வேண்டும். இதுதான் சாரம். எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்றால் குரலை உயர்த்துகிறார்கள் என்று பொருள். தமிழில் நமக்கு அந்த வசதி கிடையாது. அழுத்தத்தை வினைமுற்றில்தான் காட்டியாக வேண்டும்.

அந்தத் தாளை வைத்திருந்தவர் ஜெசிக்கா கொன்சாலஸ். ஊர் காசில் ராக். கணவரிடமிருந்து பிரிந்து, மே மாதம் தடையாணை பெற்றிருந்தார். ஜூன் 4ஆம் தேதி அது நிரந்தரமாக்கப்பட்டது. குழந்தைகளைக் கணவர் பார்க்கலாம், ஆனால் ஆணையில் குறித்தபடிதான். வாரத்தின் நடுவில் ஒருநாள் இரவு உணவுக்கு அழைத்துப்போவதானால் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஜூன் 22ஆம் தேதி மாலை, வீட்டுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த மூன்று பெண் குழந்தைகளை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் அவர் அழைத்துக்கொண்டு போய்விட்டார். மூவருக்கும் பத்து வயதுக்குள்தான்.

அதன் பிறகு நடந்தவற்றை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கடிகாரம் பார்த்துச் சொல்கிறது. இரவு ஏழரை மணியளவில் ஜெசிக்கா போலீசுக்கு போன் செய்கிறார். இரண்டு போலீஸ்காரர்கள் வருகிறார்கள். ஆணையைக் காட்டுகிறார். எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, பத்து மணிவரை பாருங்கள் என்கிறார்கள். எட்டரை மணிக்குக் கணவரே செல்போனில் பேசுகிறார்: டென்வர் நகரத்தின் கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகளுடன் இருக்கிறாராம். ஆள் இருக்கும் இடமே தெரிந்துவிட்டது. மறுபடி போலீசுக்கு போன். பத்து மணிவரை பொறுங்கள். பத்து பத்துக்கு போன். நள்ளிரவு வரை பொறுங்கள். நள்ளிரவில் அவரே கணவரின் குடியிருப்புக்குப் போகிறார், யாருமில்லை. பன்னிரண்டு பத்துக்கு அங்கிருந்தே போன். ஆள் வருவார், காத்திருங்கள். ஆள் வரவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு ஸ்டேஷனுக்கே போய்ப் புகார் எழுதிக் கொடுக்கிறார். புகாரை வாங்கிய அதிகாரி சாப்பிடப் போகிறார். விடியற்காலை மூன்று இருபதுக்குக் கணவர் ஸ்டேஷனுக்கு வந்து, அன்று மாலைதான் வாங்கிய கைத்துப்பாக்கியால் சுடுகிறார். போலீஸ் திருப்பிச் சுட்டதில் இறக்கிறார். அவர் வந்த வண்டிக்குள் மூன்று குழந்தைகளும் இறந்து கிடக்கிறார்கள்.

அதிகாரி சாப்பிடப் போனதை ஆங்கிலத் தீர்ப்பு மிகச் சிறிய ஒரு வாக்கியத்தில் சொல்கிறது. நான் சட்டம் படித்தவள் இல்லை. பிரதிகளை வாசிப்பது என் தொழில், ஆகவே அந்த வாக்கியத்தில்தான் முதலில் நின்றேன். அதில் கோபம் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. எழுதியவருக்கு மொழி கைவரப்பெற்றிருக்கிறது என்பதற்கு அந்த வாக்கியமே சாட்சி. நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா நல்ல உரைநடைக்காரர் என்று அவரை வெறுத்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள். வழக்கின் நிகழ்வுகள் கொடூரமானவை என்று தொடக்கத்திலேயே ஓர் அடைமொழியைக் கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு தீர்ப்பு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. துக்கவீட்டுக்கு மாலை வாங்கிப் போய்ச் சாத்திவிட்டு வந்துவிடுவார்களே, அப்படி. இந்த அடைமொழிக்கு ஒரு முன்னோடியும் உண்டு. கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

ஜெசிக்கா ஊராட்சியின் மீது வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் விசாரணை இல்லாமலே தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2004இல் அவர் பக்கம் நின்றது. 2005 ஜூன் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அதைத் தலைகீழாக்கியது. மாணவிகளுக்கு இந்த வழக்கைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முகம் சுளிப்பார்கள்: வழக்கு எதைப் பற்றியது என்று கேட்டால், சட்டப்படி அது சொத்தைப் பற்றியது. குழந்தைகளின் உயிரைப் பற்றியதாக அந்த வழக்கு இல்லவே இல்லை. போலீஸ் இந்த ஆணையை அமல்படுத்துவது ஜெசிக்கா கொன்சாலஸின் சொத்தா, இல்லையா? இதுதான் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி.

இந்தக் கோணலான கேள்வி எங்கிருந்து வந்தது? அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் பதினான்காவது திருத்தம், உரிய நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. மூன்று கதவுகள். ஜெசிக்கா நியாயமாகத் தட்டியிருக்க வேண்டியது முதல் கதவு. அதை 1989இலேயே பூட்டிவிட்டார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஜோஷுவா டிஷானி என்ற நான்கு வயதுச் சிறுவனை அவன் தந்தை மீண்டும் மீண்டும் அடித்தார். குழந்தை நலத் துறைக்கு அது தெரியும். பணியாளர் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் போய்க் காயங்களைக் குறிப்பேட்டில் எழுதிவந்தார். 1984இல் அந்தச் சிறுவனின் மூளை மீளமுடியாதபடி சேதமாயிற்று. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு, நடந்தது துயரமானது என்பதில் மறுப்பில்லை என்றுதான் தொடங்குகிறது. நான் சொன்ன முன்னோடி அடைமொழி இதுதான். பிறகு சொல்கிறது: அரசமைப்புச் சட்டம் அரசின் கையைக் கட்டுகிறது, கையை நீட்டு என்று அரசைக் கட்டாயப்படுத்துவதில்லை. அடித்தவர் தந்தை, அரசு அடிக்கவில்லை. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிளாக்மன் சட்ட நடையையே ஒரு கணம் கைவிட்டு அந்தச் சிறுவனின் பெயரைச் சொல்லிப் புலம்பினார். அதற்காகச் சட்ட அறிஞர்கள் சிலர் இன்றும் அவரைக் கேலி செய்கிறார்கள். மிகை உணர்ச்சியாம். நமக்குப் பழக்கமான குற்றச்சாட்டுதான். பெண் கவிஞர்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் அடிக்கடி பார்க்கலாம்.

உயிர் என்ற கதவு அடைபட்டதால் ஜெசிக்காவின் வழக்கறிஞர்கள் சொத்து என்ற கதவுக்குப் போனார்கள். அது கெட்டிக்காரத்தனமான முடிவுதான். 1970இல் இதே நீதிமன்றம், ஏழைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையை விசாரணை இல்லாமல் நிறுத்தக் கூடாது, அது சட்டம் தந்த உரித்து, சொத்துக்குச் சமம் என்று சொல்லியிருந்தது. அப்படியானால், கைது செய்ய வேண்டும் என்று மாநிலச் சட்டமே கட்டளையிடும்போது, அந்தப் பாதுகாப்பும் அந்தப் பெண்ணுக்குச் சொந்தமானதுதானே?

எங்கள் துறையில் நீதி கேட்கும் பெண் என்றாலே கண்ணகியைக் கூட்டிவந்துவிடுவார்கள். எனக்கு அது அலுத்துப்போன வழக்கம். ஆனாலும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கண்ணகியின் கையில் சிலம்பு இருந்தது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கலாம். அவள் கேட்டது ஓர் உயிருக்கான நீதி. அரசவையில் செல்லுபடியானது ஒரு பொருளின் உடைமை. அதைவிட முக்கியம், அவளை உள்ளே விட்டார்கள், பேசவிட்டார்கள். ஜெசிக்கா கொன்சாலஸ் அமெரிக்க நீதிமன்றம் எதிலும் சாட்சி சொல்லவில்லை. வழக்கு விசாரணை நிலைக்கே வராததால், அவர் சொன்னவை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அவர் கையில் இருந்தது ஒரு தாள். அதை உடைத்துக் காட்ட முடியாது.

அந்தத் தாளில் இருந்த ஆங்கிலத் துணைவினை, தமிழில் ‘வேண்டும்’ என்று நாம் பெயர்க்கும் சொல், கட்டளைதானா என்பதில்தான் ஸ்கேலியாவின் வாதம் நிற்கிறது. அவர் சொல்வது இது: சட்டம் ‘வேண்டும்’ என்று சொன்னாலும், எப்போது யாரைக் கைது செய்வது என்பதைப் போலீஸ் தன் விருப்பத்தின்படி முடிவு செய்வது நெடுங்கால மரபு, அந்த மரபை மீறிய உண்மையான கட்டாயம் என்றால் இன்னும் வலுவான அடையாளம் சட்டத்தில் இருக்க வேண்டும். கட்டாயமாகவே இருந்தாலும், அது பொதுநலனுக்காக விதித்த கட்டாயமாக இருக்கலாம். இந்தப் பெண்ணுக்குத் தனியே உரிமை தந்ததாக ஆகாது. தந்ததாகவே கொண்டாலும், அதற்குப் பண மதிப்பு கணக்கிட முடியாது. ஆகவே அது நாம் வழக்கமாகச் சொத்து என்று கருதும் எதையும் போல இல்லை. ஒரு பூட்டுக்குப் பின்னால் இன்னொரு பூட்டு.

தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுப்பவளுக்கு இந்த இடம் சாதாரணமாகக் கடந்துபோகக்கூடியதல்ல. நம் மொழியில் கட்டாயத்தைக் குறிக்கும் சொல்லே ‘வேண்டு’ என்ற வினையிலிருந்து வருகிறது. வேண்டுதல் என்றால் விரும்புதல், இரந்து கேட்டல். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’, ‘நீ நாளை வர வேண்டும்’, ‘சாமி, என் பிள்ளை பிழைக்க வேண்டும்’ மூன்றிலும் ஒரே சொல். வியங்கோள் வினைமுற்று வாழ்த்தவும் வையவும் விதிக்கவும் வேண்டவும் பயன்படும் என்று பள்ளி மாணவிகளுக்கும் பாடம் நடத்துகிறோம். அதாவது வடிவத்தை மட்டும் பார்த்தால் கட்டளையும் மன்றாட்டும் ஒன்றே. எது எதுவென்று தீர்மானிப்பது, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள அதிகாரம். நீதிபதி சொன்னால் விதி. பெண் சொன்னால் வேண்டுகோள். அந்த இரவில் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாளில் நீதிமன்றத்தின் குரலாக இருந்த ‘வேண்டும்’, ஜெசிக்கா அதைக் கையில் ஏந்திக் காட்டிய கணத்தில் அவருடைய வேண்டுதலாக மாறிவிட்டது. பத்து மணிவரை பாருங்கள் என்று கெஞ்சுகிறவர்களிடம்தான் சொல்வார்கள். ஆறு வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்துக்கு முத்திரை குத்தியது.

2012இல் ஸ்கேலியா, பிரையன் கார்னருடன் சேர்ந்து சட்டங்களை எப்படி வாசிப்பது என்று ஒரு தடித்த நூல் எழுதினார். அதில் அவர்கள் தொகுத்த வாசிப்பு விதிகளுள் ஒன்று, கட்டாயச் சொற்கள் கடமையை விதிக்கும், அனுமதிச் சொற்கள் விருப்புரிமையைத் தரும் என்பது. சொல்லில் உள்ளதுதான் சட்டம், நோக்கத்தைத் தேடிப் போகாதே என்று வாழ்நாள் முழுக்கப் போதித்தவர் அவர். கொலராடோ சட்டத்தில் மட்டும் சொல்லைத் தாண்டி மரபைத் தேடிப் போனார். கைது செய்யாமல் விடுவதற்குப் போலீசுக்குள்ள மரபு அவருக்குப் பிரதியைவிட உறுதியான பிரதியாகத் தெரிந்திருக்கிறது.

அந்த மரபுக்கு அவர் காட்டும் ஆதாரங்களில் ஒன்று 1999ஆம் ஆண்டுச் சிகாகோ வழக்கு. தெருவில் நிற்கும் கும்பல்களைக் கலைந்துபோகச் சொல்ல வேண்டும் என்று போலீசுக்குக் கட்டளையிட்ட ஒரு நகர விதியைப் பற்றியது அது. போலீசுக்கு எல்லையற்ற அதிகாரம் தருகிறது என்று அந்த விதியை நீதிமன்றம் செல்லாதாக்கியது. அதிகாரத்தின் அளவைக் கண்டு அஞ்சி எழுதிய ஒரு தீர்ப்பிலிருந்து, போலீசின் விருப்புரிமை பொது அறிவு சார்ந்தது என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டுவந்து, அதை ஒரு தாய்க்கு எதிராக வைக்கிறார். மேற்கோள் காட்டுவதன் அரசியலை ஆய்வு மாணவிகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸின் மாறுபட்ட தீர்ப்பில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் சேர்ந்துகொண்டார். அப்போது அந்த நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள். இன்னொருவரான சாண்ட்ரா டே ஓ’கானர் பெரும்பான்மையோடு போனார். பெண் நீதிபதி இருந்தால் போதும் என்று நம்புகிற தோழிகளுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். ஸ்டீவன்ஸ் எழுதியது நேரடியானது: இந்தச் சட்டங்கள் வந்ததே, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் போலீஸ் தன் விருப்பப்படி கைகட்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான். கைது செய்வதா வாரண்ட் கேட்பதா என்பதில் வேண்டுமானால் போலீசுக்குத் தேர்வு உண்டு. ஒன்றுமே செய்யாதிருப்பது அந்தத் தேர்வுகளில் இல்லை. அவர் சொன்ன இன்னோர் உதாரணம் என்னை விட்டுப் போகவில்லை. ஜெசிக்கா ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்திடம் காசு கொடுத்து, குழந்தைகளைக் காக்க ஒப்பந்தம் போட்டிருந்தால், அந்தச் சேவை அவருடைய சொத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. கடையில் வாங்கிய பாதுகாப்பு சொத்து. நீதிமன்றம் தந்த பாதுகாப்பு காற்று.

இங்கே வரலாற்றைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. ஜெசிக்கா வழக்குத் தொடுத்தது 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழிவந்த பிரிவின் கீழ். கு க்ளக்ஸ் கிளான் சட்டம் என்றே அதற்குப் பெயர். உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்களில் முகமூடிக் கும்பல்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொன்றார்கள், வீடுகளை எரித்தார்கள். உள்ளூர்ப் போலீஸ் அதிகாரிகள் பெரும்பாலும் நேரடியாகக் கொல்லவில்லை; பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்த்துக்கொண்டு நிற்றலுக்கு எதிராகத்தான் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை இயற்றியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1868இல் ஏற்கப்பட்ட பதினான்காவது திருத்தத்திலும் ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பு’ என்று பாதுகாப்பு என்ற சொல்லே இருக்கிறது. எனவே அரசமைப்புச் சட்டம் அரசின் கையைக் கட்ட மட்டுமே வந்தது என்ற வாதம், இந்தத் திருத்தத்தின் பிறப்பையே மறந்துவிட்டுச் சொல்லப்படுவது.

அதே திருத்தத்தின் இரண்டாம் பிரிவில்தான் ‘ஆண்’ என்ற சொல் முதன்முதலாக அமெரிக்க அரசமைப்புச் சட்டத்துக்குள் நுழைந்தது. அது வாக்குரிமை பற்றிய பிரிவு. பெண்கள் இதைக் கண்டு கொதித்தார்கள், பிளவுபட்டார்கள். கறுப்பின ஆண்களின் வாக்குரிமைக்கு எதிராகச் சில வெள்ளைப் பெண்கள் பேசியதும் அப்போதுதான். அந்தக் கறையையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1873இல் மைரா பிராட்வெல் வழக்கறிஞராக அனுமதி கேட்டபோது, மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே படைத்தவனின் விதி என்று ஒரு நீதிபதி தனியாக எழுதிவைத்தார். 1875இல் வர்ஜினியா மைனர் வாக்களிக்கக் கேட்டபோது, பெண்ணும் குடிமகள்தான், ஆனால் குடியுரிமை வாக்குரிமையைத் தராது என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பால் அடிப்படையில் பாகுபடுத்தும் ஒரு சட்டத்தைச் சமப் பாதுகாப்பின் பெயரால் முதன்முதலாகச் செல்லாதாக்கியது 1971இல். அந்த வழக்கின் வாதுரையை எழுதியவர்களில் முதன்மையானவர் கின்ஸ்பர்க். 1868க்கும் 1971க்கும் இடையில் நூற்று மூன்று வருடங்கள். ஸ்கேலியாவோ, அரசமைப்புச் சட்டம் பால் பாகுபாட்டைத் தடை செய்யவில்லை என்று 2011இல் வெளியான பேட்டி ஒன்றிலும் சொன்னார்.

பெண்கள்மீதான வன்முறைக்கு எதிராக 1994இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் தன்னைத் தாக்கியவன்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் நேரடியாக நஷ்டஈடு கேட்க வழி செய்தது. 2000ஆம் ஆண்டில், கல்லூரி விடுதியில் வல்லுறவுக்கு ஆளானதாகப் புகார் சொன்ன ஒரு மாணவியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை ஐந்துக்கு நான்கு என்று அடைத்தது. காரணங்களில் ஒன்று, பதினான்காவது திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்பது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டவை 1883ஆம் ஆண்டுத் தீர்ப்புகள். போருக்குப் பிந்தைய சீர்திருத்தங்களை நீதிமன்றமே குழிதோண்டிப் புதைத்த காலத்தவை. காசில் ராக் ஐந்து வருடம் கழித்து வந்தது. தனியார் அடித்தால் தனியாரிடம் கூட்டாட்சி வழியில் போக முடியாது. அரசு பார்த்துக்கொண்டு நின்றால் அரசிடமும் போக முடியாது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வாசித்தால்தான் நடுவில் நிற்கும் பெண் தெரிவாள்.

மாநிலங்கள் விரும்பினால் தாங்களே இப்படிப்பட்ட உரிமையை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று ஸ்கேலியா இறுதியில் ஒரு வாசலைக் காட்டுகிறார். ஓரிகன் மாநில உச்ச நீதிமன்றம் 1983இலேயே, தடையாணையைத் தெரிந்தே அமல்படுத்தாத போலீஸ் பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தது உண்மைதான். ஆனால் உரிமை என்பது மாநில எல்லை தாண்டினால் மாறிவிடும் பேருந்துக் கட்டணமா?

ஸ்கேலியா எழுதிய இன்னொரு தீர்ப்பையும் பக்கத்தில் வைக்கிறேன். 2008இல், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் அரசமைப்பு உரிமை என்று ஐந்துக்கு நான்கு பெரும்பான்மைக்காக எழுதியவர் அவரே. அங்கே வீடு என்பது வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு எதிரான கோட்டை. ஆபத்தே வீட்டுச் சாவி வைத்திருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்வி அந்தக் கோட்டைக்குள் நுழையவில்லை. அது நுழைய 2024ஆம் ஆண்டு ஆயிற்று. குடும்ப வன்முறைக்கான தடையாணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சித் தடை செல்லும் என்று எட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் மறுத்தார். இது ஆறுதல்தான். ஆனால் தடையாணைத் தாளை அமல்படுத்துவது யார் என்ற கேள்வி காசில் ராக்கிலேயே நிற்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, கட்டாயக் கைதுச் சட்டம்தான் விடிவு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சட்டங்கள் பரவியதற்குப் பெண்ணியப் போராட்டங்கள் காரணம். கனெக்டிகட் மாநிலத்தில் கணவனால் குத்தப்பட்டு உடல் முடங்கிய ட்ரேசி தர்மனுக்கு 1985இல் ஜூரி 23 லட்சம் டாலர் நஷ்டஈடு அளித்தபோது, ஊராட்சிகள் பயந்தன, சட்டங்கள் வேகமாக வந்தன. அந்த வழக்கு வென்றது சமப் பாதுகாப்பு என்ற வாதத்தில் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் கறுப்பின, பழங்குடி, குடிபெயர்ந்த பெண்கள் சீக்கிரமே வேறொன்றைக் கண்டார்கள். போலீஸ் வந்தால் அடித்தவனோடு அடிபட்டவளையும் சேர்த்துக் கைது செய்தார்கள். குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டுபோனது. கூப்பிட்ட வீட்டிலேயே சுட்டார்கள். 2001இல் ‘இன்சைட்’ என்ற நிறப்பெண்களின் அமைப்பு, சிறை ஒழிப்பு இயக்கம் ஒன்றோடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, வன்முறைக்கு எதிரான பெண்ணியம் சிறைகளை வளர்க்கும் பெண்ணியமாக மாறிவிட்டது என்று எச்சரித்தது. பெத் ரிச்சி இதை விரித்து 2012இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இந்த விமர்சனத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதைக் கொண்டு காசில் ராக் தீர்ப்பை நியாயப்படுத்த முடியாது. ஜெசிக்கா கொன்சாலஸ் லத்தீன், அமெரிக்கப் பழங்குடி வம்சாவளிப் பெண். அவர் கேட்டது கூடுதல் சிறை அல்ல; டென்வர் பூங்காவுக்கு ஒரு போன். போலீசுக்கு அளவற்ற அதிகாரம் இருப்பதும், அந்த அதிகாரத்தால் யாரைக் காக்காமல் விடலாம் என்ற விருப்புரிமை இருப்பதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். நடுரோட்டில் நிற்கும் கறுப்பின இளைஞன் விஷயத்தில் விருப்புரிமை கையை நீட்டுகிறது. அழுதுகொண்டு நிற்கும் தாய் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்கிறது.

2005 டிசம்பரில் ஜெசிக்கா, அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்திடம் போனார். அந்த ஆணையத்தின் முன் குடும்ப வன்முறைக்காக அமெரிக்க அரசு நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. 2007இல் அதன் முன் அவரே பேசினார். தன் நாட்டு நீதிமன்றம் எதிலும் கிடைக்காத வாய்ப்பு அது. 2011இல் ஆணையம், அமெரிக்க அரசு அவருடைய சமத்துவ உரிமையையும், அவருடைய மகள்களின் உயிர் வாழும் உரிமையையும், குழந்தைகளுக்குரிய சிறப்புப் பாதுகாப்பையும் காக்கத் தவறியது என்று முடிவு சொன்னது. ஆணையம் அந்தத் தாளைச் சொத்து என்று பார்க்கவில்லை. ஆபத்து இருக்கிறது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட சான்றாகப் பார்த்தது. ஒப்புக்கொண்ட பின் செய்ய வேண்டியவை இருந்தன, செய்யவில்லை. வாசிப்பு என்றால் எனக்கு இதுதான். ஆணையத்தின் பரிந்துரைகள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது அமெரிக்க அரசின் நிலைப்பாடு. ஆகவே உள்நாட்டுச் சட்டத்தில் காசில் ராக் இன்றும் செல்லும். 2018இல் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்ளே போகாமல் நின்ற அதிகாரிமீது மாணவர்கள் தொடுத்த வழக்கும், அரசுக்குக் காக்கும் கடமை இல்லை என்ற இதே வழியில்தான் தள்ளுபடியாயிற்று.

ஆணையத்தின் பரிந்துரைகளில் முதலாவது, சட்டத் திருத்தமோ பயிற்சியோ அல்ல. மூன்று குழந்தைகளும் எப்போது, எங்கே, எப்படி இறந்தார்கள் என்று முறையாக விசாரிக்க வேண்டும் என்பது. ஸ்டேஷன் வாசலுக்கு வரும் முன்பே இறந்திருந்தார்களா, அங்கே பறந்த குண்டுகளிலா என்பதைத் தாய்க்குத் தெளிவாகச் சொல்லும் விசாரணை அதுவரை நடந்திருக்கவில்லை. தீர்ப்பில் ஏழரை, எட்டரை, பத்து பத்து, பன்னிரண்டு பத்து, பன்னிரண்டு ஐம்பது, மூன்று இருபது என்று வரிசையாக நேரங்கள் இருக்கின்றன. குழந்தைகள் இறந்த நேரம் அந்த வரிசையில் இல்லை.